மூன்றரைப் புள்ளியின் விலை

ரைலி பேட் என்ற பெயர் வந்தாலே கூடவே ஓர் எண்ணும் வந்துவிடும்: 37. 2012 லண்டன் பாராலிம்பிக்கில் சக்கர நாற்காலி ரக்பி இறுதிப்போட்டி. ஆஸ்திரேலியா கனடாவை 66-51 என்று வீழ்த்தித் தன் முதல் தங்கத்தை வாங்கியது. அந்த 66 கோல்களில் 37 இவர் ஒருவர் அடித்தவை. பாதிக்கும் மேல். இந்த விளையாட்டின் தலைசிறந்த வீரர் அவர்தான் என்பதற்கு இன்னும் என்ன சான்று வேண்டும் என்று கேட்கிறார்கள்.

வேண்டும் என்பதே என் கட்சி. அவர் தலைசிறந்தவரா என்றால் ஏறக்குறைய ஆம் என்றுதான் நானும் சொல்வேன். ஆனால் அந்த 37 அதற்குச் சாட்சி சொல்லாது. பதக்கக் கணக்கும் முழுதாகச் சொல்லாது. சாட்சி வேறு இடத்தில் இருக்கிறது. அதைத் தேடிப் போகும் வழியில் அவருடைய பெருமையில் கொஞ்சம் கழித்துக்கொள்ளவும் வேண்டியிருக்கிறது.

முதலில் கோல் என்றால் இங்கே என்ன என்று பார்த்துவிடலாம். களம் கூடைப்பந்து மைதானம்: 28 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலம். பக்கத்துக்கு நான்கு பேர். பந்து நீள்வட்டமல்ல, வாலிபால் போல உருண்டை. அதை மடியில் வைத்துக்கொண்டு, எதிரணியின் கடைசிக் கோட்டில் இரண்டு கூம்புகளுக்கு நடுவிலுள்ள 8 மீட்டர் இடைவெளியை நாற்காலியின் இரண்டு சக்கரங்கள் தாண்டிவிட்டால் ஒரு கோல். எட்டு நிமிடம் வீதம் நான்கு பகுதிகள். பந்து கைக்கு வந்த 12 வினாடிக்குள் நடுக்கோட்டைக் கடக்க வேண்டும், 40 வினாடிக்குள் கோல் போட வேண்டும், பத்து வினாடிக்கு ஒருமுறை பந்தைத் தட்டவோ பாஸ் கொடுக்கவோ வேண்டும். உயர்மட்ட ஆட்டத்தில் பந்து வைத்திருக்கும் அணி பெரும்பாலும் கோல் போட்டே விடும். போடாமல் போனால்தான் அரங்கம் எழுந்து நிற்கும். கால்பந்தில் ஒரு கோல் தலைப்புச் செய்தி. இங்கே கோல் அன்றாடம். ஆட்டத்தின் விதியை எழுதுவது பறிகொடுத்த பந்துகளின் எண்ணிக்கை. இப்படிப்பட்ட ஆட்டத்தில் கோல் எண்ணிக்கையை வைத்து ஆளை அளப்பது கடைசியாகப் பந்து யார் மடியில் இருந்தது என்பதை எண்ணுவதாகவே முடிகிறது.

காலமும் கணக்கில் வர வேண்டும். 2000இல் சிட்னியில் இந்த விளையாட்டு முதன்முறையாகப் பதக்கப் போட்டியானபோது இறுதிப்போட்டியில் அமெரிக்கா ஆஸ்திரேலியாவை வென்ற கணக்கு 32-31. 2004 ஏதென்ஸில் நியூசிலாந்து கனடாவை 31-29 என்று வென்றது. எட்டே ஆண்டுகளில் வெற்றி பெறும் அணியின் கோல்கள் இரண்டு மடங்குக்கு மேலாகி 66ஐத் தொட்டன. லண்டனில் பேட் தனியாளாக அடித்தது சிட்னியில் தங்கம் வென்ற அமெரிக்க அணி முழுவதும் அடித்ததைவிட அதிகம் என்று சொன்னால் கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் இடையில் 40 வினாடி விதி வந்துவிட்டது. அதற்கு முன் முன்னிலையில் இருக்கும் அணி பந்தை வைத்துக்கொண்டு நேரத்தைக் கரைக்கலாம். பின்னால் அது முடியாது. பந்து கைமாறும் வேகம் கூடியது, கோல்கள் பெருகின. 37இல் ஒரு பங்கு கடிகாரத்துக்குச் சேர வேண்டியது.

இன்னொரு பங்கு நாசிம் எர்டெம் போன்றவர்களுக்கு. 2000 முதல் 2016 வரை ஐந்து பாராலிம்பிக்குகளில் ஆஸ்திரேலியாவுக்காக ஆடியவர். அரைப் புள்ளி வீரர். இந்த விளையாட்டில் நாற்காலிகளே இரண்டு வகை. பந்தோடு ஓடுகிறவரின் நாற்காலிக்கு முன்புறம் வளைந்த இறக்கைத் தகடுகள் இருக்கும்; எதிலும் மாட்டாமல் வழுக்கிப் போக. தடுப்பவரின் நாற்காலியில் முன்னே நீட்டிக்கொண்டிருக்கும் உலோகச் சட்டம் இருக்கும். எதிராளியின் சக்கரத்தோடு கோத்து அவரை அசையவிடாமல் நிறுத்த. எர்டெமின் வேலை அது. பேட் கோட்டை யாரும் தொடாமல் கடக்கும் காட்சியைத் தொலைக்காட்சி காட்டுகிறது. பத்து மீட்டர் பின்னால், கனடாவின் மிக வேகமான நாற்காலி ஓர் அரைப் புள்ளிக்காரரின் சட்டத்தில் சிக்கித் திணறுவதை அது காட்டுவதில்லை. புள்ளிவிவரத் தாளில் அந்த வேலைக்கு ஒரு கட்டமும் கிடையாது.

புள்ளி என்றேனே, அதுதான் இந்த விளையாட்டின் உயிர்நாடி. வீரரின் கைகளும் உடலின் நடுப்பகுதியும் எவ்வளவு இயங்குகின்றன என்று சோதித்து 0.5 முதல் 3.5 வரை ஏழு வகைகளில் ஒன்றில் வைப்பார்கள். இயக்கம் கூடக் கூடப் புள்ளியும் கூடும். களத்தில் நிற்கும் நால்வரின் கூட்டுத்தொகை 8ஐத் தாண்டக் கூடாது. கையில் எட்டு ரூபாயோடு சந்தைக்குப் போய் நான்கு பொருள் வாங்கியாக வேண்டிய நிலைதான் ஒவ்வொரு பயிற்சியாளருக்கும். பேட் 3.5. அவரை எடுத்தால் மிச்சம் 4.5, மூன்று பேருக்கு. அவரோடு இன்னொரு 3.5ஆன கிறிஸ் பாண்டையும் எடுத்தால் மிச்சம் 1, இரண்டு பேருக்கு. அப்போது அரையும் அரையுமாகத்தான் வாங்க முடியும், வேறு வழியே இல்லை. ஆகவே பேட் எத்தனை கோல் அடித்தார் என்று கேட்பதில் பொருளில்லை. அவருக்குக் கொடுத்த மூன்றரைக்கு மேல் அவர் எவ்வளவு திருப்பிக் கொடுத்தார் என்றுதான் கேட்க வேண்டும்.

பிறப்பு 1989 மே 22. வளர்ந்தது நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் போர்ட் மக்குவாரி என்ற கடலோர ஊர். பிறக்கும்போதே கால்கள் இல்லை. விரல்கள் ஒட்டியிருந்து, அறுவை சிகிச்சையில் பிரிக்கப்பட்டன. பன்னிரண்டு வயதுவரை சக்கர நாற்காலியில் உட்காரவே மறுத்து ஸ்கேட்போர்டில் வளைய வந்த பையன். டாம் கென்னடி என்ற ரக்பி வீரர் மூலமாக இந்த விளையாட்டு அறிமுகமான பிறகுதான் நாற்காலியோடு சமாதானமானான். பதினைந்து வயதில் ஏதென்ஸ் பாராலிம்பிக். சக்கர நாற்காலி ரக்பியில் அதுவரை அவ்வளவு சிறிய வயதில் யாரும் ஆடியதில்லை. தன்னம்பிக்கைக் கட்டுரை எழுதுகிறவர்கள் இந்த இடத்தில் வண்டியை நிறுத்திவிடுவார்கள். மாற்றுத்திறனாளி வீரர் என்றால் அவர் எப்படி ஆடினார் என்று எழுத வேண்டாம், எப்படிக் கஷ்டப்பட்டார் என்று எழுதினால் போதும் என்ற வழக்கம் உலகத்துப் பத்திரிகைகளுக்கெல்லாம் பொது. எனக்கு அந்த ஸ்கேட்போர்டு வேறு காரணத்துக்காக முக்கியம். பன்னிரண்டு ஆண்டுகள் தரையைக் கையால் உந்தி, உடம்பைச் சாய்த்துத் திசை திருப்பிப் பழகியவர் நாற்காலிக்கு வருகிறார். நின்ற இடத்திலிருந்து அவர் எடுக்கும் அந்தத் திடீர் வேகமும், மோதலுக்கு ஒரு கணம் முன்பு இடுப்பிலிருந்து உடலை முறுக்கித் தப்பும் லாகவமும் அங்கே விளைந்தவை என்பது என் ஊகம்.

இந்த இடத்தில்தான் அவர்மீதான கனமான விமரிசனமும் தொடங்குகிறது. 1970களில் கனடாவின் வின்னிபெக் நகரத்தில் இந்த விளையாட்டை உருவாக்கியவர்கள் கழுத்தெலும்பில் அடிபட்டுக் கைகால் நான்கும் பாதிக்கப்பட்டவர்கள். சக்கர நாற்காலிக் கூடைப்பந்தில் வலுவான கைகள் உள்ளவர்களே பந்தை ஆண்டார்கள். இவர்களுக்கு ஓரத்தில்தான் இடம். அந்த ஓரத்திலிருந்து வெளியேறித் தங்களுக்கென்று ஓர் ஆட்டம் அமைத்து, அதற்கு மர்டர்பால் என்று பெயரும் வைத்தார்கள். அப்படியிருக்க, முதுகுத்தண்டில் அடியே படாத, தோளும் முதுகும் முழு வலுவோடு இருக்கும் ஒருவர் வந்து ஆட்டத்தை ஆள்வது, அவர்கள் எதிலிருந்து ஓடிவந்தார்களோ அதையே திரும்பக் கொண்டுவருவதாகாதா?

இந்தக் கேள்வியைப் பொறாமை என்று தள்ளிவிட முடியாது. விதிப்படி பேட் தகுதியானவர் என்பதில் ஐயமில்லை. கைகளிலும் கால்களிலும் குறைபாடு இருக்க வேண்டும் என்பது விதி, இருக்கிறது. அவருக்கு இருக்கும் கூடுதல் வலுவுக்கான விலையையும் 3.5 என்று அணி கட்டிவிடுகிறது. ஆனால் விலைப்பட்டியலுக்கு ஓர் உச்சவரம்பு இருக்கிறது. 3.5க்கு மேலே வகையில்லை. அதற்கு மேல் இயக்கம் உள்ளவர் ஆடவே முடியாது. வரம்பின் அடியைத் தொட்டு 3.5 ஆனவரும், வரம்பின் உச்சியில் நிற்கும் 3.5உம் ஒரே விலை. உச்சியில் நிற்கிறவரை வாங்கும் அணிக்குக் கொஞ்சம் இலாபம், அதுவும் சட்டப்படியான இலாபம். பேட்டின் மேலாதிக்கத்தில் ஒரு பகுதி அளவுகோலின் முரட்டுத்தனத்தால் வந்தது என்பதை ஒப்புக்கொள்ளாமல் அவரைப் புகழ்வது நேர்மையாகாது.

ஒரு பகுதி மட்டும்தான். இதைச் சோதிக்க ஒரு வழி இருக்கிறது: மற்ற 3.5களைப் பார்ப்பது. கனடாவின் ஸாக் மேடல் பத்து வயதில் கடும் தொற்றினால் இரு கால்களையும் விரல்களையும் இழந்தவர். அவரும் 3.5, அவரும் அபாரமான வீரர், லண்டன் இறுதிப்போட்டியில் பேட்டுக்கு எதிரே நின்றவர். அவரை வைத்துக்கொண்டு 2012இலும் 2014இலும் வெள்ளி வாங்கிய கனடா, அதன் பிறகு 2024 வரை பாராலிம்பிக்கிலோ உலகச் சாம்பியன்ஷிப்பிலோ தங்கத்தைத் தொடவில்லை. வகைப்பாட்டின் உச்சியில் ஆள் இருந்தால் மட்டும் தங்கம் வந்துவிடாது. அதே விலைக்கு வேறெங்கும் கிடைக்காத ஏதோ ஒன்று போர்ட் மக்குவாரிக்காரரிடம் இருந்திருக்கிறது.

என்ன அது? பதக்கப் பட்டியல் ஓரளவு சொல்லும். 2008 பெய்ஜிங் முதல் 2024 பாரிஸ் வரை பாராலிம்பிக்கும் உலகச் சாம்பியன்ஷிப்புமாக ஒன்பது பெரும் போட்டிகள். பேட் ஆடிய ஆஸ்திரேலியா நான்கு தங்கம் (2012 லண்டன், 2014 ஓடென்ஸ, 2016 ரியோ, 2022 வெய்லே), மூன்று வெள்ளி (2008 பெய்ஜிங், 2010 வான்கூவர், 2018 சிட்னி), ஒரு வெண்கலம் (2024 பாரிஸ்) வென்றது. ஒரே ஒரு முறை, டோக்கியோவில், நான்காம் இடம். 2008 முதல் 2018 வரை தொடர்ந்து ஆறு இறுதிப்போட்டிகள். பத்தாண்டு முழுவதும் ஓர் அணி இறுதி ஆட்டத்தைத் தவறவே விடவில்லை.

இதைப் பார்த்ததும் மலைத்துப்போகலாம். அமெரிக்காவின் வரிசையைப் பக்கத்தில் வைத்தால் மலைப்பு குறையும். அதே ஒன்பது போட்டிகளிலும் அமெரிக்கா பதக்கம் வென்றிருக்கிறது. ஒன்றுகூடத் தப்பவில்லை. அந்த அணியில் பல தலைமுறை வீரர்கள் வந்து போனார்கள். மர்டர்பால் ஆவணப்படத்தால் உலகுக்கே தெரிந்த மார்க் ஸூபன் போனார், சக் ஆவோகி வந்தார், பதக்கம் நிற்கவில்லை. ஆக, பதக்க மேடையில் விடாமல் நிற்பதற்கு ஒரு பேட் தேவையில்லை. கிளப்புகள், பயிற்சியாளர்கள், ஆள் வளம் என்று ஒழுங்கான கட்டமைப்பு இருந்தால் போதும். ஆனால் 2008, 2010 இரண்டிலும் ஆஸ்திரேலியாவைத் தோற்கடித்துத் தங்கம் வென்ற அதே அமெரிக்கா, அதற்கடுத்த ஏழு போட்டிகளில் ஒரு தங்கம்கூட எடுக்கவில்லை. நான்கு வெள்ளி, மூன்று வெண்கலம். கட்டமைப்பு மேடைவரை கொண்டு சேர்த்தது; மேடையின் கடைசிப் படியில் ஏற வேறொன்று வேண்டியிருந்தது. ஆஸ்திரேலியாவிடம் அது இருந்தது.

இந்த வெளிச்சத்தில் லண்டனைத் திரும்பப் பார்த்தால் அதன் பளபளப்பு மங்குகிறது. லண்டனில் ஆஸ்திரேலியா அமெரிக்காவைச் சந்திக்கவே இல்லை. இரண்டும் வெவ்வேறு பிரிவு. அரையிறுதியில் கனடா அமெரிக்காவை ஒரே கோல் வித்தியாசத்தில் வெளியேற்றிவிட்டது. 2014இல் டென்மார்க்கின் ஓடென்ஸயிலும் இறுதியில் கிடைத்தது கனடாதான், 67-56. பெய்ஜிங்கில் 44-53 என்று தோற்று, வான்கூவரிலும் தோற்று, எந்த அணி பேட்டை இரண்டு முறை வெள்ளியோடு அனுப்பி வைத்ததோ அந்த அணியை ஓர் இறுதிப்போட்டியில் வெல்வது 2016வரை கைகூடவில்லை. ரசிகர்கள் 37ஐக் கொண்டாடும்போது இந்த இடைவெளியை யாரும் சுட்டிக்காட்டுவதில்லை.

ரியோ அதனால்தான் பெரிது. பாராலிம்பிக்கின் கடைசி நாள், செப்டம்பர் 18. ஆஸ்திரேலியா 59, அமெரிக்கா 58. முழு நேரத்தில் சமன், மூன்று நிமிடக் கூடுதல் நேரத்திலும் சமன், இரண்டாவது கூடுதல் நேரத்தில் முடிவு. இப்படிப்பட்ட ஆட்டத்தைத் தனியாள் ஓட்டத்தால் வெல்ல முடியாது. பாண்டும் பேட்டும் சேர்ந்து நிற்கும் அமைப்பில் எதிரணிக்கு ஒரு தலைவலி இருக்கிறது: ஒருவரை நிறுத்த இரண்டு நாற்காலி அனுப்பினால் மற்றவர் திறந்த வெளியில் ஓடுவார். ஆனால் அந்தத் தலைவலி வேலை செய்ய வேண்டுமானால் முதலாமவர் பந்தை விட்டுக்கொடுக்க வேண்டும். இரண்டு பேர் தன்மேல் விழும்வரை காத்திருந்து, விழுந்த கணத்தில் பந்தைக் கைமாற்ற வேண்டும். லண்டனில் பாதிக்கு மேல் தானே அடித்த மனிதர் நான்கே ஆண்டுகளில் தன்னைத் தூண்டிலாக்கிக்கொள்ளப் பழகியிருந்தார். பயிற்சியாளர் பிராட் டப்பர்லிக்கும் இதில் பங்கு உண்டு. சிட்னி வெள்ளியும் ஏதென்ஸ் தோல்வியும் கண்ட முன்னாள் வீரர் அவர். ஏதென்ஸில் பதினைந்து வயது பேட்டோடு சேர்ந்து ஆடியவர்.

கூடவே இதையும் சொல்ல வேண்டும். அந்த ஒரு கோல் வேறு பக்கம் விழுந்திருந்தால் இந்தப் பத்தியை நான் எப்படி எழுதியிருப்பேன்? 2018இல் சிட்னியில், சொந்த மக்கள் முன்னால், உலகச் சாம்பியன்ஷிப் இறுதிப்போட்டியில் ஜப்பானிடம் 61-62 என்று ஆஸ்திரேலியா தோற்றது. 2024 பாரிஸ் அரையிறுதியில் அதே ஜப்பானிடம் கூடுதல் நேரத்தில் 51-52. மூன்று ஆட்டங்கள், மூன்றும் ஒரு கோல். ஒன்று அவரைச் சரித்திரமாக்கியது, இரண்டு அவரை வெள்ளியோடோ வெண்கலப் போட்டிக்கோ அனுப்பின. சில வினாடிகளில் தீர்ந்துபோகும் இந்த வித்தியாசங்களை வைத்து நான்கு தங்கம் பெரிது, மூன்று சிறிது என்று பேசுவதை நான் ஏற்கத் தயாரில்லை. ஒரு கோல் தூரத்துக்கு அணியைத் திரும்பத் திரும்பக் கொண்டுவந்து நிறுத்தியதை மட்டுமே அவர் கணக்கில் வரவு வைக்கிறேன்.

பற்று வைக்க வேண்டியது டோக்கியோ. 2021இல் நடந்த அந்தப் போட்டியின் தொடக்க விழாவில் டேனியலா டி டோரோவோடு சேர்ந்து நாட்டின் கொடியை ஏந்தி வந்தவர் பேட். முதல் ஆட்டத்திலேயே டென்மார்க்கிடம் 53-54. தட்டுத் தடுமாறி அரையிறுதிக்கு வந்து அமெரிக்காவிடம் 42-49. வெண்கலப் போட்டியில் ஜப்பானிடம் 52-60. பெருந்தொற்றுக் காலத்தில் வெளிநாட்டு அணிகளோடு மோத வழியில்லாமல் இருந்தது ஒரு காரணம், நியாயமான காரணமும்கூட. ஆனால் அரையிறுதியில் 42 கோல் என்பது வெறும் பயிற்சிக் குறைவு மட்டுமல்ல. 3.5, 3.5, 0.5, 0.5 என்ற ஒரே அச்சில் ஓர் அணி பத்தாண்டு வாழ்ந்தால் மற்ற அணிகள் அதைப் படித்து முடித்துவிடும். தடுப்பவர்கள் வேகமானவர்களை விட்டுவிட்டு இரண்டு அரைப் புள்ளிக்காரர்களைக் களத்தின் பின்பாதியிலேயே மடக்கிப்போட்டால், முன்னே ஆட இருவர் மட்டுமே மிஞ்சுவார்கள். இரண்டு, மூன்று என்று நடுத்தரப் புள்ளி வீரர்களை வளர்த்து வேறொரு அச்சையும் வைத்திருந்தால் மாற்றிப் பார்க்கலாம். ஆஸ்திரேலியாவில் அந்த நடுத்தரம் மெலிந்தே இருந்தது. பேட் இருக்கிறார் என்ற தைரியமே அதற்குக் காரணம் என்று நினைக்கிறேன். குற்றம் தேர்வாளர்களுடையது; ஆனாலும் ஒரு வீரரின் தாக்கத்தை எடைபோடும்போது அவர் நிழலில் எது வளரவில்லை என்பதும் தராசில் ஏற வேண்டும்.

அதே டோக்கியோவில் தங்கம் வென்றது பிரிட்டன். அதற்கு முன் இந்த விளையாட்டில் எந்த ஐரோப்பிய அணியும் பாராலிம்பிக் பதக்கமே வென்றதில்லை. அந்த அணியில் அரைப் புள்ளி வீராங்கனை கைலி கிரைம்ஸ் இருந்தார். ஆண்களும் பெண்களும் சேர்ந்து ஆடும் இந்த ஆட்டத்தில் களத்தில் ஒரு பெண் நின்றால் அணிக்கு அரைப் புள்ளி கூடுதல் சலுகை உண்டு, எட்டு எட்டரையாகும். ஆஸ்திரேலியாவும் ஷே கிரஹாமை டோக்கியோவுக்கு அழைத்துச் சென்றது. நாட்டுக்காகப் பாராலிம்பிக் ரக்பி ஆடிய முதல் பெண். எட்டரை கிடைத்தால் 3.5 இரட்டையரோடு ஓர் ஒன்றையும் ஓர் அரையையும் நிறுத்தலாம். கட்டு கொஞ்சம் தளரும்.

தளர்ந்ததன் பலன் தெரிந்தது. 2022இல் டென்மார்க்கின் வெய்லேயில் அமெரிக்காவை 58-55 என்று வென்று மீண்டும் உலகச் சாம்பியன். பேட்டுக்கு அப்போது 33 வயது. 35இல் பாரிஸ், அவருடைய ஆறாவது பாராலிம்பிக். பிரிட்டனை 50-48 என்று வென்று வெண்கலம். பாய்ச்சலை மட்டுமே நம்பி ஆடுகிறவர் ஏதென்ஸிலிருந்து பாரிஸ்வரை இருபது ஆண்டுகள் தாங்கமாட்டார். முன்பு எதிராளியைச் சுற்றி ஓடியவர், பிற்காலத்தில் எதிராளி வரப்போகும் இடத்துக்கு முன்னதாகப் போய் நிற்கிறார். பிந்தைய பேட்டைத்தான் நான் விரும்பிப் பார்ப்பேன். முந்தையவர் வியப்பூட்டினார், இவர் யோசிக்கிறார்.

நீண்டகாலத் தாக்குப்பிடிப்பு என்றால் இன்னொருவர் பெயரைச் சொல்லாமல் விட முடியாது: ஜப்பானின் டைசுகே இகேசாகி. 1978இல் பிறந்தவர்; பாரிஸில் தங்கம் வாங்கும்போது 46 வயது. 2018 சிட்னியில் பேட்டின் கையிலிருந்து தங்கத்தைப் பறித்த அணியின் நாயகன். அவருடைய விலை 3.0. கூட ஆடும் யுகினோபு இகேவும் 3.0. இரண்டு பேரும் சேர்ந்தால் 6; மீதி இரண்டு பேருக்கு 2. ஆஸ்திரேலியா கடைசி இருவருக்கு அரையும் அரையும் வாங்கும்போது ஜப்பான் ஒன்றும் ஒன்றும் வாங்கலாம், ஒன்றரையும் அரையும் வாங்கலாம். ஆட்டத்தில் அந்த அரை அரை வித்தியாசம் என்பது பந்தைப் பிடிக்கத் தெரிந்த கை ஒன்று கூடுதலாக இருப்பது. விலைக்கு விலை வைத்துப் பார்த்தால் பேட்டுக்கு உண்மையான போட்டி மேடலோ ஆவோகியோ அல்ல, இவர்தான்.

என் தீர்ப்பில் பேட் அவருக்கு மேலே. காரணம் சொல்கிறேன். இகேசாகியின் ஜப்பான் 2010, 2016, 2021, 2022 எல்லாவற்றிலும் மூன்றாம் இடத்தில் நின்றது. இறுதிப்போட்டிக்கு வந்த இரண்டு முறையும் வென்றது. பேட்டின் ஆஸ்திரேலியா ஏழு முறை இறுதிக்கு வந்தது. அரைப் புள்ளி அதிகம் கொடுத்து, அதனால் பலவீனமான மீதி அணியோடு, பத்தாண்டு இடைவிடாமல் ஓர் அணியைக் கடைசி ஆட்டத்துக்குக் கொண்டுவந்தவர் தன் விலைக்கு மேல் திருப்பித் தந்திருக்கிறார் என்பதில் எனக்கு ஐயமில்லை. அவர் ஆடிய காலத்தில் மற்ற நாடுகள் தங்கள் தடுப்பை அவரை மனத்தில் வைத்தே அமைத்தன. அவர் களத்தில் இருந்த ஒவ்வொரு நிமிடமும் எதிரணியின் இரண்டு நாற்காலிகளின் வேலை முன்கூட்டியே தீர்மானிக்கப்பட்டிருந்தது. வகைப்பாட்டின் கூரையால் கிடைத்த சலுகையைக் கழித்த பிறகும் இது மிஞ்சுகிறது.

ஆனால் வீரருக்குக் கொடுக்கும் இந்த முதலிடத்தை அவரை மையமாக வைத்துக் கட்டிய அணிமுறைக்கு நான் கொடுக்க மாட்டேன். பாரிஸில் ஆஸ்திரேலியாவை ஒரு கோலில் தாண்டிய ஜப்பான், இறுதியில் அமெரிக்காவை 48-41 என்று ஏழு கோல் வித்தியாசத்தில் வென்றது. அங்கே இகேசாகி களத்தில் இல்லாத நேரத்திலும் ஆட்டம் தேயவில்லை, 3.5 ஆன இளைஞர் கட்சுயா ஹஷிமோட்டோ வந்தால் ஒரு முகம், அவர் போனால் இன்னொரு முகம். ஆஸ்திரேலியாவைப் பார்த்துக் கற்றுக்கொள்ள விரும்பும் புதிய நாடுகள் முதலில் ஒரு பேட்டைத் தேடிக்கொண்டு கிளம்பினால் காலம்தான் வீணாகும். அப்படி ஒருவர் கிடைப்பது தற்செயல். ஒன்றரைப் புள்ளிக்காரர்களையும் இரண்டுகளையும் வளர்ப்பது திட்டம்.

இந்த ஆட்டத்தை இதுவரை பார்த்திராதவர்கள் லண்டன் இறுதியைத் தேடிப் போக வேண்டாம். ரியோவைப் பாருங்கள். முதல் எட்டு நிமிடம் பந்தைக் கவனிக்காமல், கைகள் மெல்ல அசையும் அந்த அரைப் புள்ளிக்காரர்கள் யாரை எங்கே கட்டிப்போடுகிறார்கள் என்று மட்டும் பாருங்கள். இரண்டாவது பகுதியில் பேட்டைப் பார்க்கத் தொடங்கினால், அவர் எப்போது ஓடுகிறார், எப்போது ஓடாமல் காத்திருக்கிறார் என்பதற்கான காரணம் பிடிபடும்.